வராலுக்கு ஏது ஸ்பிரிங்?

"ஏர்லி ஸ்பிரிங் டாப் வாட்டர் பைட்" என்று தலைப்புப் போட்டு, பின்னணியில் நம்ம தாடகை மலை தெரிய, ஒரு வீடியோ கண்ணில் பட்டது. குளத்தைப் பார்த்ததுமே எந்தக் கரை, எந்த மடை என்று சொல்லிவிட முடிந்தது. மாசி மாதம். கரைக்கு அந்தப் பக்கம் கும்பப்பூ அறுப்புக்கு மிஷின் நிற்கிறது. இந்தப் பக்கம் தம்பி கூலிங் கிளாஸும் தொப்பியுமாக நின்று "ஸ்பிரிங்" என்கிறார்.

நாஞ்சில் நாட்டில் ஸ்பிரிங் கிடையாது மக்கா. பழைய கணக்குப்படி மாசி, பங்குனி பின்பனி. சித்திரை பிறந்தால்தான் இளவேனில். எங்கள் கணக்கில் அதுவும் இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுதான். ஜூன் ஒண்ணாம் தேதியை ஒட்டி பேச்சிப்பாறையைத் திறப்பார்கள், பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். மேலேயிருந்து தண்ணி நின்றதும் குளம் வற்றத் தொடங்கும். நீங்கள் ஸ்பிரிங் என்று சொல்கிற மாதத்துக்கு எங்கள் ஊரில் அர்த்தம் அவ்வளவுதான்: தண்ணி இறங்குகிற காலம்.

சொல்லோடு போகிற சண்டை என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பாடமே இறக்குமதி ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன். பனிக்காலம் முழுக்க ஆழத்தில் அடங்கிக் கிடக்கும். வசந்தம் வந்து தண்ணி பதினைந்து டிகிரி பக்கம் சூடானதும் முட்டையிட ஓரத்துக்கு வரும். அப்போது தண்ணீருக்கு மேலே மிதக்கிற பொய்யிரையை இழுத்தால் பாய்ந்து கவ்வும். அங்கே அது சரியான பாடம். இங்கே மார்கழி விடியற்காலையில்கூட குளத்துத் தண்ணி அந்தப் பதினைந்துக்கு இறங்குவது கிடையாது. நம்ம வரால் ஓரத்துக்கு வருவது சூட்டைத் தேடி இல்லை. ஆழம் என்று ஒன்று மிச்சம் இல்லாததால் வருகிறது. நாலு ஏக்கருக்குப் பரந்து கிடந்த மீன் அரை ஏக்கர் சேற்றுத் தண்ணீரில் ஒடுங்கிக் கிடக்கும்போது, "இன்னிக்கு பைட் செம" என்று கேமராவைப் பார்த்துச் சொல்வது திறமையைப் பற்றிய பேச்சா, தண்ணியைப் பற்றிய பேச்சா?

வராலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (சென்னைப் பக்கம் விரால் என்பீர்கள். எங்களுக்கு வரால். மருதத் திணைப் பாட்டுகளிலும் வரால்தான், ஆகையால் நாங்கள் மாற்றிக்கொள்வதாக இல்லை.) செவுளால் மட்டும் மூச்சு விட்டுப் பிழைக்க முடியாத மீன் அது. தலைக்குள் காற்றை வாங்கி வைக்க ஒரு அறை உண்டு. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுத்தான் கீழே போகும். தண்ணி குறைந்து சூடாகி அழுக்காகும்போது இன்னும் அடிக்கடி வரும். சந்தையில் ஈரச் சாக்கின் மேல் மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பதும் இதனால்தான். தெலங்கானாவில் அதுவே மாநில மீன். இங்கே நம்மிடம் அதற்கு அந்த மரியாதை இல்லை, விலை மட்டும் உண்டு.

இன்னொரு குணம்தான் முக்கியம். பெரும்பாலான மீன்கள் முட்டையைப் போட்டுவிட்டுத் தன் வழியைப் பார்த்துப் போய்விடும். வரால் அப்படி இல்லை. ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்து, கரையோரப் பாசியையும் கோரையையும் ஒதுக்கி, முறம் அளவுக்கு வட்டமாக ஒரு இடத்தைச் சுத்தம் பண்ணும். அதில் முட்டை மிதக்கும், மஞ்சளாக, எண்ணெய்ச் சொட்டு போல. ஒன்று ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். பிறகு குஞ்சுகள் கூட்டமாக, செக்கச் செவேலென்று, குளத்தின் மேற்பரப்பில் ஒரு குங்குமத் திட்டு நகர்கிற மாதிரி நகரும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பார்ப்பு என்று பேர். தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயராக வருகிற சொல், இன்னும் வயக்காட்டில் உயிரோடு இருக்கிறது. அந்தத் திட்டுக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் தாயும் தகப்பனும் நிற்கும். கிட்டத்தட்ட ஒரு மாதம் இந்தக் காவல். பாம்பு வந்தால் அடிக்கும், தவளை வந்தால் அடிக்கும், குளிக்க இறங்குகிற பிள்ளைகளின் காலையும் இடித்துவிட்டுப் போகும். மழைக்காலம்தான் பெரிய ஈடு. ஆனாலும் மாசியிலோ பங்குனியிலோ ஒரு கோடை மழை சாய்த்துப் பெய்தால் போதும், அடுத்த வாரம் மடையோரத்தில் ஒன்றிரண்டு சிவப்புத் திட்டு பார்க்கலாம்.

இனி அந்த ரப்பர் தவளைக்கு வருவோம். நல்ல தொழில்நுட்பம், குறை சொல்ல மாட்டேன். உள்ளே பொள்ளலான உடம்பு. இரட்டை முள் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், அதனால் தாமரை இலை மேலே இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வினதும் ரப்பர் அமுங்கும், முள் வெளியே வந்து மேல் அண்ணாக்கில் ஏறும். தடியின் நுனியை மெல்ல வெட்டி வெட்டிச் சுற்றினால் தவளை நடக்கிற மாதிரியே நடக்கும். பாரை, சூரை பிடிக்கிற கடல்காரர்கள் பளபளக்கிற நூல் கட்டிப் பொய்யிரை போடுவது இந்த மாவட்டத்தில் பழைய வித்தை. ஆகவே பொய்யிரை என்பதாலேயே எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எனக்குக் கோபம், அதை எங்கே வீசுகிறார்கள் என்பதில். வீடியோக்களை உட்கார்ந்து பாருங்கள். "பேபீஸ் தெரியுது பாருங்க, கீழ மதர் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சிவப்புத் திட்டுக்கு இரண்டு முழம் அந்தப் பக்கம் வீசி, திட்டின் நடு நெஞ்சு வழியாக இழுக்கிறார்கள். முதல் தடவை அடிக்காது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. அந்த மீனுக்குப் பசியே இல்லை. குஞ்சுக்கு நடுவே தவளை போகிறதே என்று பொறுக்க முடியாமல் ஒரு கட்டத்தில் பாயும். அதை "அக்ரெஸிவ் ஸ்ட்ரைக்" என்கிறார்கள். தொட்டில் பக்கம் நாய் போனால் நம் வீட்டு அம்மைகூட அப்படித்தான் பாய்வாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்ற தம்பி ஒருத்தரிடம் இதைச் சொன்னேன். நல்ல பையன். பேச்சில் மரியாதை.

"அங்கிள், நான் சாப்பிட மாட்டேன். கேட்ச் அண்ட் ரிலீஸ்தான். போட்டோ எடுத்துட்டு விட்டுருவேன். அது காத்த சுவாசிக்கிற மீன், வெளிய வச்சாலும் ஒண்ணும் ஆகாது."

"செரி தம்பி, அதுக்கு ஒண்ணும் ஆகாது. கீழ கிடக்க ஆயிரம் குஞ்சுக்கு?"

பதில் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் விஷயம். வரால் பிழைக்கும். முள்ளைக் கழற்றி, அளந்து, தூக்கிப் பிடித்து, நாலு கோணத்தில் படம் எடுத்து விட்ட பிறகும் பிழைக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் சிலேபியும் கெளுத்தியும் வேறு வராலும்கூடச் சுற்றி வந்து அந்தச் சிவப்புத் திட்டைக் கொத்தித் தீர்த்திருக்கும். விட்ட மீன் திரும்ப அதே இடத்துக்கு வருமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. பாதி தூரம் நடந்துபோய் வேறு கரையில்தானே விடுகிறார்கள், அங்கேதான் வெளிச்சம் நல்லா விழுகிறதாம். மீனை விட்டுவிட்டேன் என்பது உண்மை. ஒரு ஈடு முழுசையும் கொன்றேன் என்பதும் அதே அளவு உண்மை. முதலாவதை மட்டும் தலைப்பில் போடுகிறார்கள்.

இதையெல்லாம் ஏதோ கிராமத்துக் கிழவனின் உணர்ச்சிவசம் என்று தள்ளிவிட வேண்டாம். நீங்கள் யாரைப் பார்த்துப் படித்தீர்களோ அவர்களிடமே கேளுங்கள். பாஸ் மீனிலும் ஆண் கூட்டுக்குக் காவல் நிற்கும். காவல் நிற்கிறதைத் தூண்டிலில் தூக்கினால் அந்த நேரத்தில் மற்ற மீன்கள் கூட்டை மேய்ந்துவிடும், சிலது கூட்டையே விட்டுவிட்டுப் போய்விடும் என்று கனடாவில் நீரில் இறங்கியே பார்த்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒண்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் ஜூன் மாதம் பாதி தாண்டும்வரை பாஸ் பிடிக்கவே தடை. தூண்டில்காரர்களே அதை ஏற்றுக்கொண்டு, காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருக்கிறார்கள். நாம் அவர்களிடமிருந்து தடியை வாங்கினோம், சக்கரத்தை வாங்கினோம், தொப்பியை வாங்கினோம். காத்திருப்பதை மட்டும் பார்சலில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போல.

இதில் இன்னொரு கூத்து. அமெரிக்க வீடியோக்களில் வரால் சாதி மீனைக் கண்டால் கொல்லு, விடாதே என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, நம்ம பையன்களும் கமெண்டில் அதையே எழுதுகிறார்கள். அங்கே கதை வேறு. 2002-ல் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்கிற ஊரில் ஒரு குட்டையில் சீனப் பக்கத்து வரால் ஒன்று கிடைத்தது. யாரோ வாங்கி வளர்த்துக் கொண்டுவிட்டது. குட்டைக்கே மருந்து போட்டு அழித்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் பொட்டோமாக் ஆற்றில் கண்டார்கள், அதன் பிறகு அழிக்க முடியவில்லை. 2024-ல் சட்டம் போட்டு 'செசபீக் சன்னா' என்று பெயரையே மாற்றி, பிடித்துத் தின்னுங்கள் என்று ஜனங்களைக் கெஞ்சுகிறார்கள். (சன்னா என்பது வரால் இனத்தின் அறிவியல் பெயர். சுண்டல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) அங்கே அது வந்தேறி. இங்கே அது இந்த மண்ணின் மீன். நமக்கு வந்தேறி யார் என்றால் சிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். அந்தக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டும் பழையாற்றிலும் குளத்திலும் கிடந்து கொழுக்கிறது. அதை யாராவது ஓய்வில்லாமல் பிடித்தால் நானே கரையில் டீ வாங்கித் தருகிறேன்.

ஒரு கேள்வி வரும், அதையும் பார்த்துவிடுவோம். "ஊர்க்காரங்க மட்டும் யோக்கியமா? மடையைத் தொறந்து குளத்தையே வத்த வச்சு அள்ளுறீங்க. மீன்பிடித் திருவிழான்னு ஆயிரம் பேர் எறங்குறீங்க." நியாயமான கேள்விதான். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அந்தத் திருவிழாக்களை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். தண்ணி முடியப்போகிற கண்மாய், அதில் கிடக்கிற மீன் எப்படியும் சாகப்போகிறது. அதுவரைக்கும் ஒருத்தரும் இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் ஊத்தாவும் கச்சாவுமாக இறங்குவார்கள். பிடித்ததை விற்க மாட்டார்கள், குழம்பு வைப்பார்கள். அதாவது அங்கே ஒரு பூட்டு உண்டு, திறக்கிற நாள் உண்டு, எல்லோருக்கும் பங்கு உண்டு. உங்கள் தவளைக்கு இதில் எது உண்டு?

அதற்காக எங்கள் பக்கத்தை வெள்ளையடிக்கிற ஆள் நான் இல்லை. பேட்டரியும் இன்வெர்ட்டரும் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஓடைக்குள் கரண்ட் பாய்ச்சுகிறவன் இந்த ஊர்க்காரன்தான். பிளீச்சிங் பவுடர் கலக்குகிறவனும் வெளியூரிலிருந்து வரவில்லை. தோட்டா போடுவதும் விஷம் போடுவதும் குற்றம் என்று 1897-ம் வருஷச் சட்டமே சொல்கிறது. அப்போது நாம் திருவிதாங்கூர், அந்தச் சட்டம் நமக்கில்லை, 1956 நவம்பர் ஒண்ணாம் தேதிக்குப் பிறகு அந்தச் சாக்கும் இல்லை. குத்தகைக்கு எடுத்தவர் கட்லா, ரோகு விட்டுக் கொசுவலைக் கண்ணில் அரித்தெடுக்கும்போது பார்ப்பும் சேர்ந்தே போகிறது. நாலுவழிச் சாலைக்குக் குளத்தில் மண் கொட்டியது ஊரறிந்த கதை. இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதித் திட்டு வாங்கியவன் என்கிற உரிமையில்தான் இதையும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் திருடுகிறான் என்பது நாம் திருட லைசென்ஸ் ஆகாது. கரண்ட் அடிக்கிறவன் குறைந்தபட்சம் தன்னை இயற்கை ஆர்வலன் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்டால், கணக்கு எளிது. கட்லா செத்தால் அடுத்த வருஷம் குஞ்சு வாங்கி விடுவார்கள். வராலை யாரும் குளத்தில் கொண்டுவந்து விட்டதில்லை. அது தண்ணியோடு வந்தது. மலையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து வயல், வயலிலிருந்து திரும்ப ஓடை என்று தானே ஏறி இறங்கித் தன் வம்சத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இப்போது பாதிக் கால்வாய்க்கு சிமெண்ட் பூசியாகிவிட்டது, வயலில் பாதி வாழையும் ரப்பரும் பிளாட்டும். ஏறி வர வழி குறைந்துபோன குளத்தில் மிஞ்சியிருக்கிற ஜோடிதான் விதை. விதைநெல்லைச் சமைக்கிறவனை நாங்கள் என்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத முடியாது, வீட்டில் பெண்பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். எங்கள் பாட்டா காலத்தில் அறுப்பு முடிந்து வரப்பு மடையில் கூடை வைத்தால் வரால் கிடைக்கும். இன்றைக்கு அதே மடையில் சிலேபி கிடைக்கிறது. சிலேபிக்குப் புளிமுளம் வைத்துத் தின்று பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளிகள் ஒரு காரியம் செய்தார்கள். இடவப்பாதி முதல் மழையில் சினை மீன்கள் புதுவெள்ளத்தில் ஏறி வயலுக்கு வரும்போது மொத்தமாக மறித்துப் பிடிப்பது அங்கே பழைய வழக்கம், ஊத்த பிடித்தம் என்பார்கள். ஊர்த் திருவிழா மாதிரியே நடந்தது. 2010-ல் கொண்டுவந்த உள்நாட்டு மீன்வளச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். முழுக்க நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு என்று ஒரு பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. நம்மிடம் அந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை. சுசீந்திரம் தேரூர் குளங்களையும் வேம்பனூரையும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள், எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம். பட்டியல் பறவைக்காக. பறவை என்னத்தைத் தின்கிறது என்று யாரும் ஸ்டேட்டஸ் போடவில்லை.

பறவை என்றதும் நூல் ஞாபகம் வருகிறது. அந்தப் பின்னல் நூல் சாதாரண நரம்பு இல்லை, கையை அறுக்கும். தாமரைக் கொடியில் சிக்கினால் அறுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தாமரை இலைமேல் கூடு வைக்கிற இலைக்கோழி, நாமக்கோழி எல்லாம் காலில் அதைச் சுற்றிக்கொண்டு துடிக்கும். தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறிக்க லாரி டியூபில் உட்கார்ந்து போகிறவர் விரலிலும் அதே நூல், சில சமயம் முள்ளோடு. பறிக்கிறவர் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நிற்பது எந்த வீடியோவிலும் வராது.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. குளம் ஒன்றும் எனக்குப் பாட்டம் கொடுத்ததில்லை. முட்டம் பாறையில் நின்று பாரைக்குப் போப்பர் வீசுங்கள், யார் கேட்கப் போகிறார்கள். குளத்துக்குத்தான் வர வேண்டும் என்றால், முதலில் கரையில் இருக்கிற டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, "அண்ணாச்சி, பார்ப்பு எங்க நிக்கி?" என்று கேளுங்கள். சொல்வார்கள். சொல்கிற இடத்தை விட்டு நூறு அடி தள்ளி வீசுங்கள். மேலே சிவப்பாக ஏதாவது நகர்ந்தால் தவளையைச் சுருட்டிவிடுங்கள். குளம் சேற்றுக் குட்டையாகி மீன் வாயைப் பிளந்து பிளந்து காற்று வாங்குகிற நாளில் தடியை வண்டியிலேயே வையுங்கள். அந்தச் சிவப்புத் திட்டை வேண்டுமானால் படம் எடுங்கள், அரை மணி நேரம் அசையாமல் நின்றால் தாய் மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதும் கிடைக்கும். இந்த வருஷம் பறக்கையிலிருந்து தேரூர் போகிற வழியில் இடதுபக்கக் குளத்தில், கீழ மடைக்கும் ஆலமரத்துக்கும் நடுவே, ஒரு ஜோடி நிற்கிறது என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. அது எந்தக் குளம் என்று கமெண்டில் கேட்காதீர்கள், இப்போது சொன்ன வழியும் சரியான வழி இல்லை.